நத்தார்க் கதைக்கு நாலு வாசல்

என் ராத்தாவின், அதாவது அக்காவின், கணவர் ஓர் எழுத்தாளர். இதை ஊரில் யாரும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை, அவரே சொல்லிவிடுவார். பாண் வாங்கப் போன இடத்தில், பஸ்ஸுக்கு நிற்கும் இடத்தில், சாவு நடந்த மையத்து வீட்டில் கதிரை எடுத்துப் போட்டவரிடம்கூடச் சொல்லியிருக்கிறார். அவருடைய பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அதையும் வெட்டி ஒட்டி வைத்துக்கொள்வார்.

எங்கள் கல்முனைப் பக்கத்தில் கலியாணம் முடித்த ஆண், பெண் வீட்டுக்கு வந்து இருப்பதுதான் வழக்கம். அப்படித்தான் அவரும் ஒரு பெட்டியோடும் ஒரு கட்டுப் பழைய பத்திரிகையோடும் எங்கள் வளவுக்கு வந்து சேர்ந்தார். முன் வீடு ராத்தாவுக்கு, பின் வீடு எனக்கு. இரண்டுக்கும் நடுவில் ஒரு தாழ்வாரம். அதன் ஒரு முனையில் என் தையல் மெஷின், மறு முனையில் மச்சானின் சாய்மனைக் கதிரை. என் கணவர் சவூதியில் இருந்த காலம் அது. நான் நாள் முழுக்கத் தைத்தேன். மச்சான் பாடசாலையில் தமிழ் படிப்பித்துவிட்டு வந்து, சாப்பிட்டு, அந்தி மஃரிப் தொழுகை வரைக்கும் சாய்ந்து கிடந்தார்.

"வாப்பா யோசிக்காரு, சத்தம் போடாதிங்க" என்று ராத்தா பிள்ளைகளை விரட்டுவாள். என் மெஷின் சத்தத்தைப் பற்றியும் ஒரு தடவை நாசூக்காகச் சொல்லிப் பார்த்தாள். கற்பனை அறுந்து போகிறதாம். அதற்குப் பிறகு நான் கொஞ்சம் பலமாகவே மிதித்தேன்.

அறுந்து போவதற்கு அவரிடம் கற்பனை ஒன்றும் இருக்கவில்லை. அவரிடம் இருந்தது காது. யாராவது தங்கள் துக்கத்தைச் சொல்லத் தொடங்கினால் அவருடைய கண்கள் பாதி மூடும். மனுஷன் நமக்காக உருகுகிறார் என்று நினைத்து அவர்கள் இன்னும் மனம் விட்டுச் சொல்வார்கள். அவர் உருகுவதில்லை, கரு தேடுவார். 'கரு' என்பது அவருடைய சொல். பசித்தவன் சோறு என்று சொல்வதுபோல அதைச் சொல்வார். "கரு ஒண்டு அம்பிட்டிரிக்கி மச்சி" என்று மைத்துனி என்னைக் கூப்பிட்டு அவர் தாழ்வாரத்தில் எழுந்து உட்கார்ந்தால், ஊரில் யாருக்கோ ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

எங்கள் வாப்பா மௌத்தான அன்று நான் சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து குந்தினார். ஆறுதல் சொல்லத்தான் வருகிறார் என்று நினைத்தேன். "கடைசியா என்ன சொன்னாரு? அந்தச் சொல்ல மறந்திராதிங்க மச்சி" என்றார். வாப்பா கடைசியாகக் கேட்டது தண்ணீர். அந்த வருடம் நோன்புப் பெருநாள் சிறப்பிதழில் மச்சானின் கதை வந்தது. அதில் ஒரு முதியவர் சாகிறார். சாகும்போது, "மக்களே, இன மத பேதமின்றி ஒற்றுமையாக வாழுங்கள்" என்று நீளமாக ஒரு பிரசங்கம் செய்துவிட்டுச் சாகிறார். தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கதையின் கடைசி வரி, "இது கதையல்ல."

எல்லாக் கதைகளையும் அவர் அப்படித்தான் முடிப்பார். அவருடைய எழுத்து கோழி கிண்டினது போலிருக்கும் என்பதால் தெளிவாகப் பிரதி எடுத்துக் கொடுப்பது என் தலையில் விழுந்திருந்தது. அந்த வரியை எத்தனை தடவை எழுதியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஒரு நாள் கேட்டேன்.

"கதையில்லாட்டி மறுகா என்ன மச்சான் இது?"

"அது ஒரு உத்தி மச்சி. வாசிக்கிறவன்ட நெஞ்சில ஆணி அடிக்கிற மாதிரி."

ஆணியை யாருடைய நெஞ்சில் அடிக்கிறோம் என்று அவர் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

பண்டிகைக்குப் பண்டிகை எழுதுகிறவர் அவர். நோன்புப் பெருநாள், ஹஜ்ஜுப் பெருநாள், பொங்கல், வெசாக், தீபாவளி, கிறிஸ்மஸ் என்கிற நத்தார் என்று ஒன்றையும் விட்டு வைத்ததில்லை. தபாற்காரனுக்கு விடுமுறை நாள் தெரியாவிட்டால் மச்சானைக் கேட்கலாம். இவற்றில் அவருக்கு மிகவும் பிடித்தது நத்தார். ஈஸா நபியான ஏசுவின் மேல் இருந்த அன்பினால் அல்ல. பெருநாள் மலருக்கு நாட்டிலுள்ள அத்தனை முஸ்லிம் எழுத்தாளர்களும் முண்டியடிப்பார்கள், நத்தார் மலருக்கு இவர் ஒருவர்தான் போவார். கொழும்பில் இருக்கும் பத்திரிகை ஆசிரியருக்கும் அது இனித்தது. 'ஓர் இஸ்லாமிய சகோதரரின் நத்தார்ப் பரிசு' என்று தலைப்புக்கு மேலே கட்டம் கட்டிப் போடுவார். தொண்ணூறாம் ஆண்டுக் கலவரங்களுக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் தமிழரும் முஸ்லிம்களும் ஒருவர் தெருவுக்குள் ஒருவர் போகவே தயங்கிய காலம் அது. மச்சான் அந்தக் கட்டத்தைக் கத்தரித்து அட்டையில் ஒட்டி, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். தெருவைத் தாண்டிப் போய் ஒரு வீட்டில் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தவரல்ல.

நத்தார்க் கதைகளைப் பற்றி அவரிடம் ஒரு தத்துவமே இருந்தது. நூலகத்தில் இருந்த வெளிநாட்டு நத்தார்க் கதைகளின் தமிழாக்கங்களையெல்லாம் கொண்டு வந்து வாசித்துவிட்டு, கதிரையில் சாய்ந்தபடி எனக்குப் பாடம் எடுத்தார்.

"நத்தார்க் கதைக்கு நாலு வாசல்தான் மச்சி இரிக்கி. ஒண்டு, கஞ்சன் மனம் மாறுற. ரெண்டு, ஏழைப் புள்ள வெளிச்சமான யன்னலுக்கு வெளிய நிக்கிற. மூணு, முன்ன பின்ன தெரியாத ஒருத்தன் ராவையில வந்து கதவத் தட்டுற. நாலு, காணாமப் போனவன் திரும்பி வாற. ஒலகத்துல எவன் எழுதினாலும் இந்த நாலுக்குள்ளாலதான் வரணும்."

முதல் வாசலால் அவர் நுழைந்த வருடம், எங்களுக்கு ஓடு விற்றதில் விலை குறைக்காத ஹாட்வெயார் ஹாஜியாரை அந்தோனி முதலாளி ஆக்கினார். அந்தோனி முதலாளி சேர்ச் மணியைக் கேட்டதும் விம்மி விம்மி அழுது ஊருக்கெல்லாம் விருந்து வைத்தார். விருந்தில் என்ன பரிமாறுவது என்று மச்சானுக்குத் தெரியவில்லை. பன்றி இறைச்சியையோ வைனையோ எழுதப் பேனா கூசியது. ஆகவே எல்லோரும் எங்கள் பெருநாள் வட்டிலப்பம் தின்றார்கள். அதற்குப் பிறகு வந்த எல்லா நத்தார்க் கதைகளிலும் கிறிஸ்தவர்கள் வட்டிலப்பமே தின்றார்கள்.

இரண்டாவது வாசலில் ஓர் ஏழைச் சிறுமி கொட்டும் பனியில் நின்றாள். பின்னால் பைன் மரம், கூரையில் புகைபோக்கி. நான் அதைப் பிரதி எடுத்த மார்கழியில் எங்கள் வளவுக்குள் முழங்கால் அளவு வெள்ளம் நின்றது. மெஷினைச் செங்கல் வைத்து உயர்த்தியிருந்தேன். கல்முனையில் புகைபோக்கி இருந்தது பாண் சுடுகிற போறணைக்கு மட்டும்தான். நத்தார் மரத்துக்கு இங்கே கடற்கரையிலிருந்து சவுக்குக் கிளைதான் வெட்டிக்கொண்டு போவார்கள். "பனி எங்கால மச்சான் கொட்டுற?" என்று கேட்டேன். "அது குறியீடு" என்றார்.

மூன்றாவதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நடுச்சாமத்தில் அந்நியன் ஒருவன் கதவைத் தட்டுகிறான். வீட்டுக்காரி புன்னகையோடு திறக்கிறாள். வந்தவன் தேவதூதன். எங்கள் ஊர்களில் அந்த வருடங்களில் இரவில் கதவு தட்டினால் விளக்கை அணைத்துவிட்டுப் பிள்ளைகளின் வாயைப் பொத்துவோம். தமிழ் வீட்டிலும் அதுதான், முஸ்லிம் வீட்டிலும் அதுதான். மச்சானும் அப்படிப் பொத்தியவர்தான், நான் பார்த்திருக்கிறேன். ஆனாலும் எழுதினார். கொழும்பில் பாராட்டினார்கள்.

மிச்சமாக ஒரு வாசல் இருந்தது. அந்த வருடம் கார்த்திகை தொடங்கினதிலிருந்தே அவர் நிலைகொள்ளாமல் அலைந்தார். பேக்கரியில் கேக் அடிக்கிறவனிடம் போய் அவனுடைய துக்கத்தைக் கேட்டார். அவனுக்கு அப்படி ஒன்றும் துக்கம் இல்லை. சேர்ச் மதிலுக்கு வெளியே சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார். வந்து, "திரும்பி வாற ஆள் ஒருத்தன் வேணும் மச்சி" என்றார், கடையில் இல்லாத சாமானைக் கேட்பது மாதிரி.

மிஸ்ஸி வந்தது அந்த நாட்களில்தான்.

எங்கள் பக்கத்தில் தாதிமாரையும் மருத்துவிச்சிமாரையும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். இவர் மருத்துவிச்சி. கல்முனைத் தமிழ்ப் பகுதியில் பச்சைக் கேட் போட்ட வீடு, முற்றத்தில் ஒரு ஜம்பு மரம். கிறிஸ்தவர், புருஷன் இல்லை. ராத்தாவின் பிள்ளைகள் எல்லோரும் அவருடைய கையில்தான் பிறந்தார்கள். எந்தக் கலவரத்துக்குப் பிறகும் எங்கள் தெருவுக்குள் குடையை விரித்துக்கொண்டு பயமில்லாமல் நடந்து வந்த தமிழ்ப் பெண் அவர்தான். நத்தார் அன்று மத்தியானத்துக்கு முன்னால் அவர் வீட்டுப் பலகாரத் தட்டு எங்களுக்கு வரும். பெருநாளுக்கு எங்கள் தட்டு அவருக்குப் போகும்.

அவருக்கு ஒரே ஒரு மகன். தொண்ணூறாம் ஆண்டு ஓர் இராணுவச் சுற்றிவளைப்பில் விசாரித்துவிட்டு விடுவதாகச் சொல்லிக் கூட்டிக்கொண்டு போனார்கள். அப்போது அவனுக்குப் பதினேழு வயது. அதற்குப் பிறகு அவன் வரவில்லை. 'வரவில்லை' என்று மிஸ்ஸி ஒருநாளும் சொன்னதில்லை. "அவன் வரக்குள்ள" என்றுதான் பேச்சைத் தொடங்குவார். எங்களில் யாரும் அதற்கு மேல் கேட்கவும் மாட்டோம். அந்த வருடங்களில் அதுவே எங்களுக்குள் மரியாதையாக இருந்தது.

ஒவ்வொரு வருடமும் நத்தாருக்கு முன் மகனுக்குச் சட்டைத் துணி எடுத்துக்கொண்டு என்னிடம் வருவார். அவனுடைய பழைய பாடசாலைச் சட்டைதான் அளவு. ஆனால் அவன் அங்கே வளர்ந்துகொண்டிருப்பான் அல்லவா? அதனால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூட்டச் சொல்வார். அந்த முறையும் துணியை என் மடியில் விரித்து வைத்து விரலால் அளந்து காட்டினார்.

"தோள அரை அங்குலம் கூட்டுங்க மகள். என்ட தம்பியும் இந்த வயசிலதான் அகண்டவன். கைய நீளமா விடுங்க."

"கழுத்து மிஸ்ஸி?"

"கழுத்து போன முறை அளவு காணும். உள்ளுக்குக் கூடவா மடிச்சுத் தைங்க. காணாட்டி அவன் வரக்குள்ள பிரிச்சு விடலாம்."

தாழ்வாரத்தின் மறு முனையில் கதிரை கிரீச்சிட்டது. நான் திரும்பிப் பார்த்தேன். மச்சானின் கண்கள் பாதி மூடியிருந்தன.

மிஸ்ஸி போனதும் நேரே கேட்டேன். "மச்சான், இத எழுதிராதிங்க."

"எத?"

"ஒங்களுக்குத் தெரியும் எத எண்டு."

"என்ன மச்சி நீங்க, நான் மனுசன் இல்லையா?" என்று சொல்லி எழுந்து போனார். இரண்டு நாள் அறைக்குள் இருந்து எழுதினார். நான் கேட்டதற்கு வெசாக் கதை என்றார். வைகாசியில் வருகிற வெசாக்குக்கு மார்கழியில் கதை. அந்தக் கதையை என்னிடம் பிரதி எடுக்கத் தரவில்லை. தன் கோழிக் கிண்டலை வரி வரியாகத் தானே திருத்தி எழுதி, தானே தபால் கந்தோருக்குக் கொண்டுபோனார். தெரியாமல் செய்தார், யோசிக்காமல் செய்தார் என்று அவருக்காகப் பேசுகிறவர்களிடம் நான் சொல்வது இதைத்தான். தெரியாமல் செய்கிறவருக்கு மறைக்கத் தோன்றாது.

அந்த வருடம் நத்தார் திங்கட்கிழமை வந்தது. முதல் நாள் ஞாயிறு பத்திரிகையில் கதை வந்துவிட்டது. மிஸ்ஸி என்று இருந்தது. பச்சைக் கேட் இருந்தது. ஜம்பு மரம் இருந்தது. கல்முனை என்று ஊர்ப் பெயரும் இருந்தது. நத்தாருக்கு முதல் நாள் மகன் கேட்டைத் திறந்துகொண்டு வருகிறான். தாய் தைத்து வைத்த சட்டையைப் போட்டுப் பார்க்கிறான். ஒரு நூல்கூடக் கூட்டிக் குறைக்கத் தேவையில்லாமல் அளவு சரியாக இருக்கிறது. பிறகு இருவரும் வட்டிலப்பம் சாப்பிடுகிறார்கள். கடைசி வரி வழக்கமான வரி. அந்த முறை கொழும்பு ஆசிரியருக்கு அந்த வரி மிகவும் பிடித்துப்போயிருக்க வேண்டும். அதைக் கீழிருந்து தூக்கித் தலைப்புக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டிருந்தார். இது கதையல்ல.

காணாமல் போனவர்களின் வீட்டில் பத்திரிகையை எப்படி வாசிப்பார்கள் என்று கொழும்பில் இருக்கிறவருக்குத் தெரியாமல் இருக்கலாம். எங்களுக்குத் தெரியும். கருவாடு சுற்றி வந்த தாளைக்கூட விரித்து, விடுதலையானவர்கள் பெயர் ஏதும் இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

நத்தார் அன்று மத்தியானமாகியும் தட்டு வரவில்லை. "மிஸ்ஸிக்கு என்னவோ, ஒருக்காப் பார்த்திட்டு வா" என்றாள் ராத்தா. மழை தூறிக்கொண்டிருந்தது. நான் குடையோடு போனேன். ஒழுங்கை திரும்பும்போதே கேட்டுக்கு முன்னால் ஆட்கள் தெரிந்தார்கள். எல்லோரும் பெண்கள். பாண்டிருப்பிலிருந்து வந்தவர்கள், காரைதீவிலிருந்து வந்தவர்கள், முதல் பஸ்ஸில் திருக்கோவிலிலிருந்து வந்த ஒருத்தி. முக்காட்டோடு சாய்ந்தமருதுப் பெண் ஒருத்தியும் நின்றாள். அவளுடைய புருஷன் மட்டக்களப்புக்குச் சரக்கெடுக்கப் போய்த் திரும்பாதவர். எல்லோருடைய கையிலும் காணாமல் போனவரின் படம் இருந்தது. நனையாமல் இருக்கப் பொலித்தீன் பைக்குள் போட்டுப் பிடித்திருந்தார்கள்.

மிஸ்ஸி படியில் நின்றார். சேர்ச்சுக்குப் போகக் கட்டின சேலை. போகவில்லை என்பது பார்த்தால் தெரிந்தது.

"வரல்ல" என்றார். "அவன் வரல்ல. ஆரோ பொய்யா எழுதியிருக்காங்க."

பாண்டிருப்பிலிருந்து வந்த ஒரு வயதான அம்மா கேட்டுக்குள் வந்து மிஸ்ஸியின் கையைப் பிடித்தார். "மிஸ்ஸியம்மா, பயப்படாதிங்க. நாங்க ஒருத்தருக்கும் வாய் திறக்க மாட்டம். மகன உள்ளுக்குத்தானே வெச்சிருக்கிங்க. வெளிய வரத் தேவையில்ல. ஒருக்காக் கேட்டு மட்டும் சொல்லுங்க, என்ட பொடியன எங்கயாவது கண்டவனா எண்டு. ரெண்டு பேரையும் ஒரே நாளிலதானே கொண்டு போனவங்க."

மிஸ்ஸி எவ்வளவு சொல்லியும் அவர்கள் நம்பவில்லை. எப்படி நம்புவார்கள்? திரும்பி வந்த பிள்ளையை எந்தத் தாய்தான் வாசலில் நிறுத்திக் காட்டுவாள்? ஒளித்துத்தான் வைப்பாள். அவர்களும் அதைத்தான் செய்திருப்பார்கள். கடைசியில் மிஸ்ஸி கதவை அகலத் திறந்துவிட்டார். "வந்து பாருங்க" என்றார்.

பெண்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள். குசினியைப் பார்த்தார்கள். சாமி அறையைப் பார்த்தார்கள். மகனின் அறையில் கட்டிலுக்கு மேல் புதுச் சட்டை ஒன்று இஸ்திரி போட்டு விரித்திருந்தது. நான் தைத்தது. அதைக் கண்டதும் திருக்கோவில் பெண் வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினாள். "சட்டை இருக்கே" என்றாள். "அப்ப வந்திருக்கான்."

மிஸ்ஸி சட்டையை எடுத்து அவளிடம் கொடுத்தார். "மணந்து பாருங்க. இத இன்னும் ஒருத்தரும் போடல்ல. அவன் வரல்ல. போன வருசமும் வரல்ல. அதுக்கு முந்தியும் வரல்ல."

அவர் தன் வாயால் அதைச் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். படம் கொண்டுவந்த ஒவ்வொருத்திக்கும் ஒவ்வொரு தடவை சொன்னார். எனக்கு அழுகை வரவில்லை. உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

அந்த நேரம் பார்த்து மச்சான் வந்து சேர்ந்தார். மிஸ்ஸி வீட்டில் கூட்டம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கூட்டம் என்றதும் வாசகர்கள் என்று நினைத்துவிட்டார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பையில் பேனா. கேட்டுக்கு அருகில் நின்று, "நான்தான் அந்தக் கதைய எழுதின" என்றார். யாரும் அவரைக் கேட்கவில்லை.

பாண்டிருப்பு அம்மா மெதுவாக வெளியே வந்தார்.

"நீங்களா தம்பி எழுதினது?"

"ஓம்மா. அது கற்பனை."

"கதையில்ல எண்டு போட்டிருக்கே."

"அது ஒரு உத்தி."

அம்மாவுக்கு உத்தி என்றால் என்னவென்று விளங்கவில்லை. பொலித்தீன் பையிலிருந்து படத்தை எடுத்து, மழை படாமல் முந்தானையால் மறைத்துப் பிடித்தார்.

"அப்ப என்ட மகனையும் ஒருக்கா வரவெச்சு எழுதுங்க தம்பி. பொய்யா இருந்தாலும் பறவாயில்ல. எனக்கு வாசிக்கத் தெரியாது, பேத்தி வாசிச்சுக் காட்டுவாள்."

மனுஷனாகப் பிறந்த ஒருவன் அந்த இடத்தில் செய்யக்கூடியது ஒன்றுதான். அந்த அம்மாவின் காலில் விழ வேண்டும். முடியாவிட்டால் தலையைக் குனிந்துகொண்டு போய்விட வேண்டும். மச்சானின் கண்கள் பாதி மூடின. பைக்குள் இருந்த பேனாவை எடுத்தார்.

"பேரென்ன?" என்று கேட்டார்.

மிஸ்ஸி கதவைச் சாத்தினார். அவ்வளவு மெதுவாகச் சாத்தினார், தாழ்ப்பாள் விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து தலையைத் துவட்டிக்கொண்டே அவர் சொன்னதை நான் மறக்க மாட்டேன். "பார்த்தீங்களா மச்சி எழுத்தின்ட வலிமைய? ஒரு கதைக்கு எத்தன பேர் வந்து நிக்காங்க. அடுத்த நத்தாருக்கு இதுதான் கரு. கேட்டடியில நிக்கிற தாய்மார்."

"நாலு வாசல்தான் எண்டிங்க" என்றேன். "இது எந்த வாசல்?"

அவருக்கு அது கேலியென்று விளங்கவில்லை. "அஞ்சாவது" என்றார், நிஜமான சந்தோஷத்தோடு. ராத்தா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவர் வெளியே போய் வந்தால் சொல்லாமலே பிளேன்டீ கொண்டு வந்து வைக்கிறவள். "கேத்தல்ல தண்ணி இரிக்கி, ஊத்திக் குடிங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து நானும் அவருக்குப் பிரதி எடுப்பதை நிறுத்திவிட்டேன். அவர் பிள்ளைகளில் ஒன்றைப் பிடித்து எழுத வைத்துக்கொண்டார்.

நத்தார் முடிந்து நோன்பு வந்தது. பெருநாள் நெருங்க நெருங்க எனக்குத் தலைக்கு மேல் தையல். ஒரு பின்னேரம் மிஸ்ஸி வந்தார். கையில் ஒரு கடதாசிப் பை. அதற்குள் மடித்த சட்டை ஒன்று, மெல்லிய நீலக் கோடு போட்டது. பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. அவனைக் கொண்டுபோன வருடம் நான் முதல் முதலாகத் தைத்தது.

"நிசாருக்கு இப்பப் பதினேழுதானே மகள்? அளவு வரும். பெருநாளுக்குப் போடட்டும். அவன் என்ட கையில விழுந்த புள்ள."

நிசார் ராத்தாவின் மூத்த மகன்.

"மிஸ்ஸி, இத நீங்களே வெச்சிருங்க" என்றேன்.

"வெச்சிருந்து என்ன செய்யிற மகள்? மத்ததுகளச் சேர்ச்சுக்குக் குடுத்திட்டன்." வெறும் பையை மடித்து என் மெஷின் மேல் வைத்தார். "நான்தான் என்ட வாயாலயே சொல்லிப்போட்டனே" என்றார்.

அந்த மனுஷி குத்திக்காட்டத் தெரிந்தவர் அல்ல. துணி வீணாகக் கூடாது, தான் பிறப்பித்த பிள்ளை போட வேண்டும், அவ்வளவுதான் அவருடைய நினைப்பு. மச்சானைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை.

பெருநாள் காலை நிசார் குளித்துவிட்டு அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு தாழ்வாரத்துக்கு வந்தான். தோள், கை, கழுத்து, எல்லாம் அளவு. ஒரு நூல்கூடக் கூட்டிக் குறைக்கத் தேவையிருக்கவில்லை. மச்சான் அத்தர் பூசிக்கொண்டு, பெருநாள் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போகப் புறப்பட்டு அறையிலிருந்து வந்தார்.

"நல்லாரிக்கி" என்றார். "ஆரு எடுத்த?"

"மிஸ்ஸி தந்த, வாப்பா" என்றான் நிசார். "அவட மகனுக்குத் தைச்சதாம்."

மச்சானின் கண்கள் வழக்கம்போலப் பாதி மூடின. கரு அம்பிட்டுவிட்டது என்றே நினைத்தேன். ஆனால் அவை உடனே திறந்துகொண்டன. முழுதாகத் திறந்தன. அவர் மகனைப் பார்த்தார். பிறகு வாசலைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார், மறுபடி மகனைப் பார்த்தார். அரும்பு மீசையும் ஈரத் தலையுமாக அவன் நின்றுகொண்டிருந்தான்.

"கழட்டு" என்றார்.

"ஏன் வாப்பா?"

"கழட்டுடா."

அவன் அசைவதற்குள் அவரே பாய்ந்து பொத்தான்களைக் கழற்றத் தொடங்கினார். ஒரு பொத்தான் தெறித்து என் மெஷினுக்குக் கீழே உருண்டது.

"பயப்படாதிங்க மச்சான்" என்றேன். "அது சும்மா ஒரு சட்டைதானே."

அவர் சட்டையைச் சுருட்டி என் மடியில் போட்டுவிட்டு, மகனை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார். பள்ளியிலிருந்து தக்பீர் முழக்கம் கேட்டது. அப்படியே நின்றார். நிசார் போன வருடத்துச் சட்டையைப் போட்டுக்கொண்டு தொழப் போனான்.

பொத்தானைத் திரும்பத் தைத்துச் சட்டையை என் அலுமாரியில் வைத்தேன். பிறகு ஒரு நாள் வழியில் கண்டபோது மிஸ்ஸி கேட்டார், "அளவு சரியா இருந்திச்சா மகள்?" என்று. "ஓம் மிஸ்ஸி, அளவு சரி" என்றேன்.

மச்சான் இன்னும் எழுதுகிறார். பொங்கலுக்கு எழுதுகிறார், வெசாக்குக்கு எழுதுகிறார், பெருநாளுக்கு முண்டியடிக்கிறார். இன்றைக்கும் எல்லாக் கதையும் அந்த வரியோடுதான் முடிகிறது. நத்தார்க் கதை மட்டும் அதற்குப் பிறகு அவர் எழுதவேயில்லை. ஒவ்வொரு வருடமும் கொழும்பிலிருந்து கேட்டு ஆள் அனுப்புவார்கள். மச்சான் கதிரையில் சாய்ந்தபடி, என் பக்கம் திரும்பாமல், "கரு ஒண்டும் கிடைக்கல்ல" என்பார்.